வெள்ளிக்கிழமைத் தலைசுற்றல்

"வீட்டுக்கு வந்து படுத்தவ எந்திரிக்கவே இல்லீங்க அம்மிணி." கடந்த வெள்ளிக்கிழமை பிற்பகல் பழனியம்மாள் அக்காவின் கணவர் தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான். இரண்டு மணி நேரத்துக்கு முன்புதான் அக்காவை நான் ஆட்டோவில் ஏற்றிவிட்டிருந்தேன்.

மைசூர் ரயில் நிலையத்து முன்பதிவுக் கவுண்டரில் பதினோரு ஆண்டுகள் எனக்கு அடுத்த நாற்காலி அவருடையது. கர்நாடக எல்லையோரத் தமிழ்க் கிராமமான மார்டள்ளிக்காரர். ஹனூர், கொள்ளேகால் பக்கத்துத் தமிழர்கள் என் ஜன்னல் காலியாக இருந்தாலும் அவர் வரிசையில்தான் நிற்பார்கள். "பேரச் சொல்லுங்க, மிச்சத்த நான் எழுதிக்கறேன்" என்பார். பின்னால் நிற்பவர்கள் கத்தினால் கன்னடத்தில் திருப்பிக் கத்துவார். எனக்கு அந்தத் தைரியம் கிடையாது.

யாராவது தும்மினாலே ஆஸ்பத்திரிக்கு விரட்டுவார். ஒருமுறை எனக்கு வயிற்றுவலி. கஷாயம் போதும் என்ற என்னை இழுத்துப்போய், குடல்வால் அறுவை முடியும்வரை வெளியே உட்கார்ந்திருந்தார். தனக்கு வந்தால் மட்டும் எல்லாமே "ஒண்ணுமில்ல".

வெள்ளிக்கிழமைகளில் மாலை விளக்கேற்றும்வரை அவர் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. அன்று பதினொரு மணிக்குத் தலை சுற்றுகிறது என்றார். முகமெல்லாம் வியர்வை.

"நெஞ்சு கிஞ்சு வலிக்குதாக்கா?"

"வலியெல்லாம் இல்ல கண்ணு. தலதான் கிறுகிறுங்குது."

வலி இல்லை என்றதும் எனக்கு நிம்மதி. "வெறும் வயிறு, பித்தம் ஏறிடுச்சு. இதக் குடிச்சிட்டு சும்மா வீட்டுக்குப் போய்ப் படுங்க" என்று எலுமிச்சைச் சாறு வாங்கிவந்து வற்புறுத்தினேன்.

"விரதத்தக் கெடுத்துப்போட்டயே" என்று சிரித்தபடி குடித்தார். சற்று நேரம் மேசையில் தலைசாய்த்திருந்தார். குறையாததால் ஆட்டோ பிடித்தேன். அது போன வழியில்தான் ஆஸ்பத்திரியும் இருந்தது.

வந்து பார்த்த மருத்துவர் மாரடைப்பு என்றார். துக்க வீட்டு வாசலில் அவரைத் தனியாகக் கேட்டேன். வலியே இல்லாமல், வெறும் தலைசுற்றலும் வியர்வையுமாகக்கூட அது வருமாம், பெண்களுக்கு முக்கியமாக. உடனே கொண்டுபோயிருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றார். இனி இது தெரிந்து யாருக்கு என்ன பயன்?

எல்லாம் முடிந்த பிறகு அவர் கணவரிடம் போனேன். பித்தம் என்றதும் நான், வீட்டுக்கு அனுப்பியதும் நான் என்று சொல்லிவிடத்தான் போனேன். வாய் திறப்பதற்குள் அவர் கைகூப்பினார்.

"வெறும் வயித்தோட போயிருப்பாளுங்க. நீங்க குடுத்த சாறாவது உள்ள போச்சு. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

நானும் கைகூப்பினேன். அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அக்கா, உங்களுக்கு விடைகொடுக்க எனக்கு அருகதை இல்லை.