பதிமூணு மில்லிமீட்டர் மூக்கு

போன வாரம் ஆதார் நகல் எடுக்க பஸ் ஸ்டாண்டு எதிர்க்கடைக்குப் போனேன். "தாளுக்கு அடங்குற மாதிரி சின்னதாக்கிடவா சார், இல்ல இருக்குற சைஸ்லயே போடவா?" என்று கேட்டது அங்கிருந்த பெண். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பன்னிரண்டு வருஷம் முன்னால் இதை யாராவது என்னிடம் கேட்டிருந்தால், ஒரு போர் விமானத்தின் மூக்கு தப்பியிருக்கும்.

சிரிக்காதீர்கள். பிளாஸ்டிக் விமானம்தான்.

அப்போது நான் எங்கள் ஊர் மலைக்குப் போகிற ரோட்டில் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தேன். பக்கத்துக் கடை ரபீக், பைக் மெக்கானிக். ரெண்டு பேரும் பிள்ளை குட்டிக்காரர்கள். அந்த வயசில்தான் இந்தப் பைத்தியம் பிடித்தது. பெட்டியில் துண்டு துண்டாக வரும் ஜெட் விமானத்தைப் பசை போட்டுச் சேர்ப்பது. நிஜத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்குதான், ஆனாலும் ரெண்டு கையாலும் ஏந்தணும். பைக் ரிப்பேருக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். "பறக்குமா?" பறக்காது. "சக்கரமாவது சுத்துமா?" சுத்தாது. "அப்ப இன்னாத்துக்கு?" அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து நிஜ விமானம் எங்கள் தலைக்கு மேலேயே போகும். நாங்கள் நிமிர மாட்டோம். பொம்மையில் ரிவெட் ஆணி எத்தனை என்று எண்ணிக்கொண்டிருப்போம்.

ரெண்டு பேரும் செய்தது மிக்-21தான், கம்பெனி வேறு. அவனுடையது துபாயிலிருந்து அவன் மாமு தூக்கி வந்தது. என்னுடையது மலிவு சரக்கு. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அவனுடையது கொஞ்சம் நீளம். "உன்னுது குள்ளம்டா" என்பான் அவன். "உன்னுதுதான் நெட்டை" என்பேன் நான். நிஜ மிக்கைத் தொடும் தூரத்தில் ரெண்டு பேருமே பார்த்ததில்லை. அதனால் என்ன, கத்துவதற்குத் தொண்டை இருந்ததே.

கடைசியில் பஞ்சாயத்துக்கு இணையத்திலிருந்து அதே அளவுக்கு ஒரு மிக் வரைபடம் இறக்கினேன். என் கடை மிஷினில் ரெண்டு பெரிய தாளாக எடுத்து, ஒட்டி, சுவரில் மாட்டினேன். விமானங்களை அதன்மேல் பிடித்துப் பார்த்தோம். என்னுடையது கச்சிதம். அவனுடையது பதிமூணு மில்லிமீட்டர் அதிகம். நான் போட்ட கூச்சல் டீக்கடை வரைக்கும் கேட்டது. இறக்கையையும் ஒரு தரம் அளந்து பார்க்கலாமே என்று ரெண்டு மேதைகளுக்கும் தோன்றவில்லை.

ரபீக் ரெண்டு நாள் என் கடையை எட்டிப் பார்க்கவில்லை. மூணாம் நாள், மூணு மாசம் இழைத்து இழைத்துச் செய்ததை, இரும்பு அறுக்கிற பிளேடால் அறுத்து, பதிமூணு மில்லிமீட்டரைக் கழித்து, மூக்கைத் திரும்ப ஒட்டிக் கொண்டுவந்தான். "பார்றா, இப்ப கரீட்டா கீதா?"

"ஆங், கீது" என்றேன், நீதிபதி மாதிரி.

அடுத்த வாரம்தான் வரைபடத்தின் மூலையில் ஒரு அளவுக் கோடு கண்ணில் பட்டது. பத்து சென்டிமீட்டர் என்று போட்டிருந்தது. ஸ்கேல் வைத்தால் ஒன்பது புள்ளி ஏழு. மிஷின் தாளுக்கு அடங்கப் படத்தையே சின்னதாக்கியிருக்கிறது, இறக்கையோடு சேர்த்து. அவன் விமானம்தான் சரி. குள்ளம் என்னுடையது.

சொன்னேனா? சொல்லவில்லை. வரைபடத்தைக் கழற்றிக் கிழித்துப் போட்டேன். பயம் பாதி, ஜெயித்த சுகம் பாதி. அதோடு விட்டேனா? "மூக்கறுபட்டவரே, டீ சொல்லட்டுமா?" என்று தினம் அவனைக் கிண்டல் வேறு. சீ, நானெல்லாம் ஒரு மனுஷன்.

அவன் என் கடைப் பக்கம் வருவது மெல்ல நின்றது. அப்புறம் கடையையே அரக்கோணத்துக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டான்.

அந்தப் பெண் கேட்ட கேள்வி மனசை அரித்ததில், ஞாயிற்றுக்கிழமை அரக்கோணம் கிளம்பிப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ரபீக் கார்பரேட்டர் துடைத்துக்கொண்டே எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னான்.

"எனக்குத் தெரியும்டா. மூக்க ஒட்டி எடுத்தாந்த அன்னைக்கே அந்தக் கோட்ட அளந்துட்டேன்."

"அப்ப ஏன்டா கேக்கல?"

"நீயே சொல்லுவேன்னு பாத்துகினு இருந்தேன். ஆறு மாசம் பாத்தேன்."

டீ வாங்கிக் கொடுத்தான். திரும்பக் கார்பரேட்டரைக் கையில் எடுத்துக்கொண்டான்.

நான் இன்னும் விமானம் ஒட்டுகிறேன். போட்டோவைப் போனில் போட்டால் ஊரே 'சூப்பர்' என்கிறது. போன மாசம் வாலைத் தப்பாகத் திருப்பி ஒட்டிவிட்டேன். அதற்கும் சூப்பர்தான். "இன்னாடா பண்ணி வச்சிகீற" என்று திட்டுவதற்கு அப்போது ஒருத்தன் இருந்தான்.