ஒன்பது பாட்டும் ஒரே தட்டா?

கல்யாணமாகி நான்கு மாதம் ஆகியிருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம். நந்தனத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். நான் மயிலாப்பூரில் கணக்கு டீச்சர். என் கணவருக்கு மவுண்ட் ரோடில் ஆபீஸ். அவர் அதிகம் பேசமாட்டார். பெண் பார்க்க வந்தபோது அதை அடக்கம் என்று எங்கள் வீட்டில் மெச்சிக்கொண்டார்கள்.

அவரிடம் ஒரு கேசட் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டைகளுக்கு இஸ்திரி போடும்போது அதைத்தான் ஓடவிடுவார். வெள்ளைக்காரர்களின் ராக் பாட்டு. மேலே பெயர் எதுவும் இல்லை. ஏ, பி என்று இரண்டு எழுத்துகள் மட்டும் நீல மையில், உருண்டையான கையெழுத்தில். அவர் எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும்.

என் அப்பா வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுத்தவர். அந்த வீட்டில் வளர்ந்ததால் எதைக் கேட்டாலும் காது சும்மா இருக்காது. முதல் பாட்டில் கிடாரும் டிரம்மும் கூரையைப் பிய்த்தன. அடுத்ததில் சிதார். மூன்றாவது, கல்யாண ஊர்வலத்து பேண்ட் செட் மாதிரி ஊதுகுழல்கள். இரண்டாம் பக்கத்தில் சாந்தோம் கோயிலில் கேட்பது போன்ற கூட்டுப்பாடல், அதன் பின்னாலேயே கைதட்டலோடு ஒரு நாட்டுப்புற ஆட்டப்பாட்டு, பிடில் துள்ளிக்கொண்டு ஓடியது. மொத்தம் ஒன்பது பாட்டு. குரலும் ஒன்றல்ல. யாரோ ஒருவர் உட்கார்ந்து, இவருக்கு இது பிடிக்கும், இது பிடிக்கும் என்று தேர்ந்தெடுத்த பாட்டுகள் என்று எனக்குப் பட்டது.

“இது யார் பதிஞ்சு குடுத்தது?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“ஃப்ரெண்ட் பதிஞ்சு குடுத்தது.”

குடுத்தானா, குடுத்தாளா என்று தெரியாதபடி வாக்கியத்தை முடித்துவிட்டார்.

“எல்லாம் வேற வேற கோஷ்டியா?”

“இல்லை. ஒரே ஆல்பம். நாலு பேர், மாத்தி மாத்திப் பாடுவா.”

“சிதாரும் சர்ச்சும் ஒரே தட்டுலயா?”

“ம்,” என்று காலரைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தார்.

அதற்குப் பிறகுதான் இன்னொன்றைக் கவனித்தேன். முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு முடியும்போது, எங்கிருந்தாலும் எழுந்து வந்து டேப்பை நிறுத்திவிடுவார். ஒரு தரம் இஸ்திரிப்பெட்டியைச் சட்டை மேலேயே வைத்துவிட்டு ஓடிவந்தார். சட்டை கருகியது. மற்றபடி எதற்கும் அவசரப்படாத மனிதர்.

அந்த வாரமே கேசட்டைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்டதும் தி. நகருக்குப் போனேன். அங்கே ஒரு சந்தில், கேட்ட பாட்டைப் பதிந்து தரும் கடை இருந்தது. வீட்டிலேயே போட்டுக் கேட்டிருக்கலாம். ஆனால் இவ்வளவும் ஒரே தட்டா என்று தெரிந்தவர் யாராவது சொல்ல வேண்டியிருந்தது. கடைக்காரர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இங்கும் அங்கும் ஓட்டிக் கேட்டார்.

“ஒரே பிளேட்டாம்மா இது? எனக்குத் தோணல. ஒண்ணு சர்ச் மாதிரி கீது, ஒண்ணு டப்பாங்குத்து மாதிரி கீது. யாரோ பொறுக்கிப் போட்டுகீறாங்க.”

“நிச்சயமாவா?”

“இங்கிலீஷ் சரக்கு நமக்கு அவ்ளோ தெரியாது. ஆனா கடைல பதிச்சது இல்ல. வூட்ல ரெக்கார்டு ஓடவுட்டு, முன்னாடி டேப்பை வெச்சிகீறாங்க. ஊசி கரகரன்னுது பாரு.” சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். “பொம்பள கொரலு கீதே!”

ஹெட்போனை வாங்கி வைத்துக்கொண்டேன். முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு ஓய்ந்து, ஊசி கரகரத்தது. பிறகு மிக அருகில் ஒரு பெண் குரல்.

“ஆச்சு. திருப்பட்டுமா?”

“ம்.”

அந்த ‘ம்’ யாருடையது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “தண்ணி குடிக்கிறியாம்மா?” என்றார். வேண்டாம் என்று கிளம்பிவிட்டேன். பாண்டி பஜார் முழுக்க நடந்தபோது என் மனதில் ஒரே கணக்குதான். ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்கு மேல். மைக்கில் சத்தம் விழக்கூடாது. ஆகவே இரண்டு பேரும் ஒரு அறையில், பேசாமல், முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள். பேசியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

அன்று சாயங்காலம் அவர் சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டேன். “திருப்பட்டுமான்னு கேட்டது யாரு?”

அவர் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார். “முன்னாடி கூட வேலை பார்த்தவ. ரெக்கார்டு அவகிட்டதான் இருக்கு. ஒரே ஆல்பம்னு நான் சொன்னது பொய் இல்லை. வேணும்னா ஞாயித்துக்கிழமை வா, காட்டறேன்.”

நான் கேட்டது ஆல்பத்தைப் பற்றி இல்லை. ஆனாலும் போனேன்.

அடையாறில் வேப்பமரம் வைத்த தனி வீடு. கதவைத் திறந்தவளுக்கு அவர் வயதுதான் இருக்கும். கண்ணாடி போட்டிருந்தாள். “வாங்கோ, வாங்கோ,” என்று என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். அந்த உபசாரத்தையும் நான் நம்பவில்லை.

இசைத்தட்டை உறையோடு என் மடியில் வைத்தாள். விடைத்தாள் திருத்துகிற மாதிரி எண்ணினேன். முதல் பக்கம் ஐந்து, இரண்டாம் பக்கம் நான்கு. சிதார் வாசித்தவர், சர்ச் பாடகர்கள், பிடில்காரர், எல்லோர் பெயரும் பொடி எழுத்தில் இருந்தன. குழு ஒன்றேதான். அவள் ஊசியை வைத்தாள். அதே வரிசையில் அதே பாட்டுகள், கரகரப்பு மட்டும் குறைவு. அந்த ஒரு விஷயத்தில் நான் தோற்றேன்.

புழுக்கமாக இருந்தது. என் கணவர் எழுந்து போய் மின்விசிறியைப் போட்டார். பலகையில் ஆறு சுவிட்ச் இருந்தன. தடவாமல், பார்க்காமல், சரியான ஒன்றைத் தட்டினார்.

திரும்பி வரும்போது கோட்டூர்புரம் பாலத்தில் ஸ்கூட்டரை நிறுத்தச் சொன்னேன். “இப்பச் சொல்லுங்கோ.”

“பொண்ணு கேட்டேன். அவ வேண்டாம்னுட்டா.”

“ஏன்?”

“கேக்கலை.”

கீழே ஆறு நகராமல் கிடந்தது. அவர் ஏமாற்றவில்லை என்ற நிம்மதியைவிட, ஒருத்தி வேண்டாமென்று தள்ளிய காரணம் என்னவாக இருக்கும் என்ற பயமே அதிகமாக இருந்தது. எனக்குத் தெரியாத ஏதோ ஒரு குறை அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவர் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் அதைத் தேடிக்கொண்டே இருந்தேன். பெட்டியைத் துழாவினேன். பழைய கடிதங்களைப் படித்தேன். எல்லாம் அவர் அம்மா எழுதியவை.

பதினைந்து நாள் பொறுத்துவிட்டு, ஒரு நாள் அரை நாள் லீவு போட்டு அடையாறு பஸ் ஏறினேன். அவள் என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. காபி கொடுத்தாள்.

“எதுக்கு வேண்டாம்னேள்?” என்று கேட்டேன். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “கெட்டவர்னு நினைச்சுடாதீங்கோ. பொய் சொல்ல மாட்டார். ஆனா எதையும் தானா சொல்லவும் மாட்டார். ஒவ்வொண்ணையும் நாமளே கண்டுபிடிச்சுக்கணும். ரெண்டு வருஷம் கண்டுபிடிச்சேன். ஆயுசு பூரா முடியாதுன்னு தோணித்து.” பிறகு மெதுவாக, “உங்களுக்குப் பொறுமை ஜாஸ்தி இருக்கும் போலிருக்கு,” என்றாள்.

அது பாராட்டா, குத்தலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. அவர் எனக்கு முன்பே வந்து அரிசி களைந்துகொண்டிருந்தார். “பள்ளிக்கூடத்துக்கு ஃபோன் பண்ணினேன். நீ மத்தியானமே கிளம்பிட்டேன்னு சொன்னா,” என்றார்.

“ஆமாம்,” என்றேன்.

“எங்க போயிருந்தே?”

“வெளியில.”

ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி நின்றார். நான் புடவை மாற்ற உள்ளே போனேன். கதவுக்கு வெளியே அவர் நிற்பது தெரிந்தது. இன்னும் ஒரு கேள்வி வரும் என்று காத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, “யார் ஆத்துக்குப் போயிருந்தே?” என்று கேட்டார்.