எதிர்ப்பெட்டி

போன வாரம் தங்கை மகள் என்னை ஊருக்கு வெளியே ஒரு கேளிக்கைப் பூங்காவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே வானத்தை மறைத்து நின்ற இரும்பு ராட்டினத்தின் கீழே போனதும் என் மூக்கு விளக்கெண்ணெய் வாசத்தைத் தேடியது. இல்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் சித்திரைத் திருவிழாவுக்கு வைகை மணலில் நிற்குமே, அந்த மரராட்டினத்தில் ஏறியிருக்கிறீர்களா? குறுக்குச் சட்டங்களில் நாலு பெட்டி, நடு அச்சில் வழிய வழிய விளக்கெண்ணெய். மோட்டார் கிடையாது, ஆள்தான் தள்ள வேண்டும். எதிரெதிர்ப் பெட்டிகளில் கனம் சரியாக இல்லாவிட்டால் தள்ளுகிறவர் தோள் கழன்றுவிடும். ஆள் வரிசையில் நிற்கும்போதே ராட்டினக்காரர் காதர் பாய் கண்ணால் எடைபோட்டுவிடுவார்.

அப்போதெல்லாம் எங்கள் பக்கம் பெண்ணைத் திருவிழாக் கூட்டத்தில் காட்டுவதும் உண்டு. வீட்டுக்கு வந்து பார்த்து வேண்டாமென்று போனால் தெருவுக்கே தெரியும். தற்செயலாகச் சந்தித்ததுபோல் இருந்துவிட்டால் கௌரவம் தப்பும். எங்கள் வீடு சிம்மக்கல்லில், மாப்பிள்ளை திருவாதவூர். "எதிரெதிர்ப் பெட்டியில ஏறட்டும், நல்லாப் பாத்துக்கிருவான்" என்றது அவருடைய அம்மாதான். நான் ஏறும்போது பெட்டியில் மாட்டிய என் சேலைத் தலைப்பை அவர் எடுத்துவிட்டார். எனக்கு அப்போதே பிடித்துப்போயிற்று.

நான் கொஞ்சம் பூசினாற்போல் இருப்பேன். கொஞ்சம் என்பது என் கணக்கு. என்னை உச்சிக்குத் தள்ளிவிட்டு, கீழே வந்த பெட்டியில் அவரை ஏற்றிய பாய், மூச்சு வாங்கிக்கொண்டே கத்தினார்: "மேல பாப்பா நல்ல கனம்! இந்தத் தம்பி ஒத்த ஆளு பத்தாது, இன்னும் ரெண்டு பேரு ஏறுங்கப்பா!"

ஆற்று மணலே சிரித்தது. உச்சியிலிருந்து எல்லாம் தெரிந்தது, அவருடைய அம்மாவின் முகம் உட்பட. ராட்டினம் சுற்றியது. நேருக்கு நேர் வந்தபோதெல்லாம் அவர் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊரே சிரிச்சிருச்சுண்ணே, நாங்க வாரோம்" என்று அந்த அம்மா என் அப்பாவிடம் சொல்லிவிட்டு நடந்தார். மாப்பிள்ளையும் திரும்பிப் பார்க்காமல் பின்னாலேயே போனார்.

அப்பா பாயிடம் சண்டைக்குப் போனார். "கனம் பாக்காம சுத்துனா ஆளு விழுந்துரும்ணே, நான் என்ன தப்பாச் சொன்னேன்?" என்று பாய் விழித்தார். அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. காலைப் பார்த்த அந்த மனிதர்மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. அதற்குப் பிறகு எந்த இடத்தில் கல்யாணப் பேச்செடுத்தாலும், ராட்டினக் கதை எங்களுக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

அந்த ராட்டினம் இப்போது இல்லை. பாய் இல்லை, அப்பா இல்லை. ஆற்றில் மணலும் இல்லை.

தங்கை மகள் தலைசுற்றும் என்று பூங்காவில் ஒதுங்கிக்கொண்டாள். ராட்டினத்துப் பையன் என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"ஒத்த ஆளா மேடம்? பரவால்ல, ஏறுங்க. எதிர்ல ஆளு வேணாம்."

பொத்தானை அமுக்கினான். நான் மேலே போனேன், எதிர்ப்பெட்டி காலியாகவே கீழே இறங்கியது. ராட்டினம் நன்றாகத்தான் சுற்றியது.