டிக்கியில் இரண்டு தட்டு

போன வெள்ளிக்கிழமை காலை, ஒஸ்லோவில் ஒரு பார்க்கிங் மைதானத்தில், ஓர் அரசு அதிகாரியும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம்.

காருக்குள்தான். நான் டிரைவர் சீட்டில், அவர் பக்கத்து சீட்டில். எனக்கு டிரைவிங் டெஸ்ட் வைக்க வந்தவர். அறுபது வயது இருக்கும். பேச்சு குறைவு. “அந்த இரண்டு கார்களுக்கு நடுவே ரிவர்ஸில் நிறுத்துங்கள்” என்று நார்வீஜிய மொழியில் ஒரே ஒரு தடவை சொன்னார். நான் வண்டியைச் சரியான இடத்தில் நிறுத்தினேன். ரிவர்ஸ் கியர் போட்டேன். பிறகு காத்திருந்தேன்.

அவரும் காத்திருந்தார்.

அவர் எதற்குக் காத்திருந்தார் என்பது உங்களுக்குத் தெரியும். நான் வண்டியை எடுப்பதற்கு. நான் எதற்குக் காத்திருந்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்... அவர் கீழே இறங்குவதற்கு.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொன்னால்தான் இது விளங்கும். (இந்தப் பத்தியே இன்று முழுக்கப் பின்னால் போவதைப் பற்றித்தான்.)

இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிப்பவர்களுக்கு என் கதை தெரியும். கணவர் சேகருக்கு இங்கே வேலை கிடைத்து, திருச்சியில் நடத்திக்கொண்டிருந்த என் பிசியோதெரபி கிளினிக்கைப் பூட்டிவிட்டு வந்தவள் நான். இரண்டு வருடம் மொழி படித்தேன். விண்ணப்பம் மேல் விண்ணப்பம் போட்டேன். கடைசியில் போன மாதம் ஒரு வேலை வந்தது. வயதானவர்களை அவரவர் வீட்டுக்கே போய்க் கவனிக்கும் வேலை. இன்டர்வியூ எடுத்த அம்மாள் கையைக் குலுக்கி, “இடம் உங்களுக்குத்தான்” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வாக்கியத்தில் புரிந்துவிட்டது.

“கார் ஓட்டுவீர்கள் இல்லையா? அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை ஆரம்பம். அதற்கு முந்தைய வெள்ளிக்குள் லைசென்ஸ் வேண்டும். இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்தவரைக் கூப்பிட வேண்டியிருக்கும்.”

கார் ஓட்டுவேனா? பத்தொன்பது வருடம் ஓட்டியவள் அம்மா நான். திருச்சி மெயின்கார்டு கேட்டில் தீபாவளிக்கு முந்தின நாள் ஓட்டியிருக்கிறேன். எதிரே பஸ், இடது பக்கம் மாடு, வலது பக்கம் பலூன் வண்டி. அதில் போய் வந்தவளுக்கு ஆளே இல்லாத ஒஸ்லோ ரோடு எம்மாத்திரம்?

ஆனால் என் இந்திய லைசென்ஸ் இங்கே மூன்று மாதத்துக்கு மேல் செல்லாது. அது செத்து ரொம்ப நாளாகிவிட்டது. எழுத்துத் தேர்வு, ஸ்கூலில் கட்டாய வகுப்புகள், வழுக்கும் தரையில் ஒரு நாள் பயிற்சி, கடைசியாக ரோட்டில் டெஸ்ட் எல்லாம் முதலிலிருந்து. வேலை தேட ஆரம்பித்தபோதே நல்ல வேளையாக இதையும் ஆரம்பித்திருந்தேன். டெஸ்டுக்குத்தான் தேதி கிடைக்கவில்லை. தினமும் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்து, யாரோ ஒரு புண்ணியவான் ரத்து செய்த இடத்தைப் பிடித்தேன். அந்த வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதரை. பெயிலானால் மறுபடி டெஸ்டுக்குப் போக நான்கு வாரம் பொறுக்க வேண்டும். அதற்குள் என் வேலை வேறு யாருக்கோ போயிருக்கும்.

வழுக்கல் பயிற்சியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். தார் ரோட்டை வேண்டுமென்றே வழுக்க வைத்து, வேகமாக வந்து பிரேக்கை ஓங்கி மிதிக்கச் சொல்கிறார்கள். பனிக்காலத்தில் என்ன ஆகும் என்று காட்டுவதற்காம். மிதித்தேன். கார் ஒரு சுற்று சுற்றி, வந்த திசையைப் பார்த்து நின்றது. மற்றவர்கள் வெளிறிப்போய் இறங்கினார்கள். நான் “இன்னொரு தடவை போகலாமா?” என்று கேட்டேன். காசு கொடுத்து ராட்டினம் ஏறியிருக்கிறேன், ஸ்டியரிங்கை என் கையில் கொடுத்த ராட்டினம் இதுதான் முதல். 

வகுப்புகள் போக, சொந்தமாகவும் பழகலாம். பக்கத்தில் இருபத்தைந்து வயது தாண்டிய, ஐந்து வருடமாவது லைசென்ஸ் வைத்திருக்கும் ஒருவர் உட்கார வேண்டும். சேகருக்கே லைசென்ஸ் இல்லை. “பஸ் இருக்கறப்போ எதுக்கு?” என்பது அவர் கொள்கை. அப்போதுதான் ஆரணி வந்தாள்.

நாங்கள் ஒஸ்லோவின் ஓரத்தில், அம்மருட்டில் ஒரு பத்து மாடிக் கட்டடத்தில் வாடகைக்கு இருக்கிறோம். ஆரணி மூன்று மாடி கீழே. பல் ஆஸ்பத்திரியில் வேலை. வயது முப்பத்தொன்று. அப்பா அம்மா யாழ்ப்பாணம், இவள் பிறந்ததே ஒஸ்லோவில். லிஃப்டில் பழக்கம். “நான் வாறன் அக்கா, ஞாயிற்றுக்கிழமை எனக்கு என்ன வேலை?” என்றாள். தன் காரின் பின்னால் சிவப்பு ‘எல்’ ஒட்டினாள். தனக்கென்று ஒரு குட்டிக் கண்ணாடி முன்னால் ஒட்டினாள். ஞாயிறுகளில் இங்கே பெரிய கடைகளெல்லாம் பூட்டிக் கிடக்கும். அவற்றின் பார்க்கிங் மைதானங்கள்தான் எங்கள் பள்ளிக்கூடம்.

முதல் ஞாயிறு. ரோட்டில் நன்றாகவே ஓட்டினேன். இடது வலது மாறிப்போய் இரண்டு தடவை இண்டிகேட்டருக்குப் பதில் வைப்பரைப் போட்டதோடு சரி. மைதானத்துக்கு வந்ததும் ஆரணி ஒரு கட்டத்தைக் காட்டி, “இதுக்குள்ள ரிவர்ஸில விடுங்கோ” என்றாள். நான் வண்டியை நிறுத்தி, அவளைப் பார்த்தேன்.

“ஏன் அக்கா நிப்பாட்டிட்டீங்கள்?”

“நீ இறங்கலையா?”

“நான் ஏன் இறங்கோணும்?”

“பின்னாடி நின்னு சொல்ல வேண்டாமா? வரலாம், வரலாம்னு?”

ஆரணி என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். “அக்கா, இவ்வளவு வருஷமும் நீங்கள் தனிய ரிவர்ஸ் எடுத்ததே இல்லையோ?”

யோசித்துப் பார்த்தேன். எடுத்ததே இல்லை.

நீங்களே சொல்லுங்கள், நம் ஊரில் யார் தனியாக ரிவர்ஸ் எடுக்கிறோம்? எங்கள் தெருவில் சேகர் இறங்குவார். அபார்ட்மெண்டில் வாட்ச்மேன் ஓடி வருவார். இவர்கள் யாருமே இல்லாவிட்டால், டீக்கடையில் வடை தின்றுகொண்டிருப்பவர் வந்துவிடுவார். ஒரு கையில் வடை, ஒரு கையால் சைகை. “வா வா வா... ரைட்ல ஒடி... ஒடி ஒடி... ஆங், நேராக்கு... வரலாம், வரலாம்... போதும்.” டிக்கியில் டம் டம் என்று இரண்டு தட்டு. பிறகு திரும்பிக்கூடப் பார்க்காமல் வடைக்குப் போய்விடுவார். அவருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. நம் வண்டி பின்னால் போகிறது, அவர் அங்கே இருக்கிறார், அவ்வளவுதான்.

அவர்களை நம்பிச் சுவரில் இடித்ததும் உண்டு. “லைட்டாதான் மேடம் பட்டுச்சு” என்பார்கள். அதற்கும் சேர்த்துத்தான் அந்தத் தட்டு.

இதையெல்லாம் ஆரணியிடம் சொன்னேன். ஸ்டியரிங் என் பக்கம் இருந்ததால், அவள் டேஷ்போர்டில் தலை வைத்துச் சிரித்தாள்.

“கமெரா இருக்குத்தானே அக்கா.”

“கேமரா தட்டுமா?”

“தட்டாது. ஆனா நான் இறங்கேலாது. டெஸ்ட் முடியும்வரைக்கும் கூட வாற ஆள் பக்கத்திலயே இருக்கோணும், அதுதான் சட்டம். நான் இறங்கினா நீங்கள் லைசென்ஸ் இல்லாமல் தனிய ஓடின மாதிரி. பொலிஸ் கண்டால் ரெண்டு பேருக்கும் தண்டம்தான்.”

யோசித்துப் பாருங்கள். நம் ஊரில் ரிவர்ஸ் எடுக்கும்போது பக்கத்தில் இருப்பவர் இறங்காவிட்டால் திட்டு. இங்கே இறங்கினால் அபராதம்.

இப்படி நான்கு ஞாயிறுகள். கட்டத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் கோன்களாக வைத்தாள். எத்தனை கோன்களைச் சாய்த்தேன் என்று கேட்காதீர்கள். கண்ணாடியைப் பார்த்தால் கை மறந்துவிடும், கையைப் பார்த்தால் கண்ணாடி. மூன்றாவது ஞாயிறு வெறுத்துப்போய், “எனக்கு யாராவது சொன்னாத்தான் வரும் ஆரணி” என்றேன். அழுகையே வந்துவிட்டது. நாற்பத்தேழு வயதில், ஒரு பூட்டிய கடை வாசலில், கோன் சாய்ந்ததற்காக. கோனுக்காகத்தானா? இந்த ஊருக்கு வந்ததிலிருந்தே எனக்குப் பின்னால் நின்று யாரும் ‘வரலாம்’ என்று சொல்லவில்லை. அது அன்றைக்குத்தான் உறைத்தது.

ஆரணி ஒரு டிஷ்யூவை நீட்டினாள். பிறகு, “அப்ப நீங்களே சொல்லுங்கோவன்” என்றாள்.

“என்னது?”

“வரலாம் வரலாம் எண்டு. நீங்களே உங்களுக்குச் சொல்லுங்கோ. இஞ்சை ஒருத்தருக்கும் விளங்காது.”

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் தலையைத் திருப்பிப் பின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். வரலாம்... வரலாம்... லெஃப்ட்ல ஒடி... கார் போய்க் கட்டத்துக்கு நடுவில் நின்றது. கோன்கள் எல்லாம் நின்றபடியே இருந்தன. நான் கத்திய கத்தலில் அந்தப் பக்கம் நாயோடு நடந்துகொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

இனி வெள்ளிக்கிழமைக்கு வரலாம்.

அதுவரை டெஸ்ட் அருமையாகப் போய்க்கொண்டிருந்தது. வலப்பக்கச் சந்திலிருந்து வந்த ஒவ்வொரு காருக்கும், இங்கத்துச் சட்டப்படி, வழிவிட்டேன். ஜீப்ரா கிராசிங் பக்கம் ஓர் அம்மாள் வந்ததும் நின்றேன். அவர் கடக்க வரவில்லை, செருப்புக்குள் போன கல்லை எடுக்கத்தான் நின்றார் என்பது பிறகு தெரிந்தது. ஒருமுறைகூட ஹாரன் அடிக்கவில்லை. கை துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். எல்லாம் நல்லபடி நடந்து, கடைசியில் இந்த ரிவர்ஸ்.

பதற்றத்தில் நான்கு ஞாயிறும் துடைத்துவிட்ட மாதிரி போய்விட்டன. பத்தொன்பது வருடப் பழக்கம் மட்டும் மிச்சம். அதிகாரி இறங்குவார் என்று அவர் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். டேப்லெட்டில் ஏதோ எழுதினார். அந்த எழுத்தில் என் வேலை போய்க்கொண்டிருப்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

“ஏதாவது பிரச்சினையா?” என்றார்.

“இல்லை” என்றேன். தலையைத் திருப்பினேன். இடது தோளுக்கு மேல், வலது தோளுக்கு மேல், மறுபடி இடது. வாய் தானாக ஆரம்பித்தது.

“வரலாம்... வரலாம்... ரைட்ல ஒடி... ஒடி ஒடி... நேராக்கு... வரலாம்... வரலாம்... போதும்.”

கார் நின்றது. இரண்டு பக்கமும் ஒரே அளவு இடம்.

அதிகாரி மெதுவாகக் கேட்டார். “யாரிடம் பேசினீர்கள்?”

பொய் சொல்லவா முடியும்? “பின்னால் நிற்பவரிடம்” என்றேன்.

அவர் சட்டென்று திரும்பிப் பின்னால் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு இன்னொரு முறை பின்னால் பார்த்தார். பாவம், மனிதர் நிஜமாகவே பயந்துபோனார். நான் அவசர அவசரமாக எனக்குத் தெரிந்த நார்வீஜிய மொழியில் வாட்ச்மேன், டீக்கடை, வடை எல்லாவற்றையும் விளக்கினேன். வடைக்கு அந்த மொழியில் வார்த்தை இல்லை. கையால் காட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. “டெஸ்ட் மையத்துக்குத் திரும்புங்கள்” என்றார், பத்து நிமிட வழி. அந்தப் பத்து நிமிடத்தில் நான் மனதுக்குள் இன்டர்வியூ அம்மாளுக்கு வருத்தக் கடிதம் எழுதி முடித்து, கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

மையத்தில் இன்ஜினை நிறுத்தச் சொன்னார். “ஜீப்ரா கிராசிங்கில் கொஞ்சம் அதிகமாகவே காத்திருந்தீர்கள்” என்றார். “ரிவர்ஸ் எடுக்கத் தயங்கினீர்கள்.” டேப்லெட்டை மூடினார். “ஆனால் எடுத்தபோது முழுக்கத் திரும்பிப் பார்த்துத்தான் எடுத்தீர்கள். நிறையப் பேர் கேமராவை மட்டும் பார்க்கிறார்கள். பின்னால் ஆள் நிற்கிறார் என்று நினைத்து ஓட்டுவது... நல்ல பழக்கம்.”

பாஸ்.

அவரைக் கட்டிப்பிடிக்கவில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். வெளியே வந்து முதலில் இன்டர்வியூ அம்மாளுக்குத் தற்காலிக லைசென்ஸின் படத்தை அனுப்பினேன். அடுத்த போன் ஆரணிக்கு. அந்தப் பக்கம் பல் குடையும் சத்தம் கேட்டது. “பாஸோ?” என்றாள். “பாஸ்” என்றேன். குடையும் சத்தம் நின்றது. “ஓம், எனக்குத் தெரியும்” என்றாள். அப்புறம்தான் சேகர். “இனி நான் எதுக்கு பஸ்ல போகணும்?” என்றார். கொள்கையெல்லாம் அவ்வளவுதான்.

திங்கட்கிழமை, வேலையின் முதல் நாள். ஆபீஸ் கொடுத்த குட்டிக் கார். முதல் வீடு, சரிவான சந்தின் முனையில், தொண்ணூறு வயதுக்கு நெருங்கிய ஒரு பாட்டியம்மா தனியாக வசிக்கும் வீடு. வாசலில் ஒரே ஒரு கார் நிற்கும் இடம், ரிவர்ஸில்தான் போக முடியும். சந்தில் ஓர் ஈ காக்கை இல்லை. திரும்பிப் பார்த்தேன். வரலாம், வரலாம், போதும். நின்றது. இறங்கி, பின்னால் போய், டிக்கியில் நானே டம் டம் என்று இரண்டு தட்டு தட்டினேன்.

நிமிர்ந்தால், பாட்டியம்மா கதவைத் திறந்து நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். “காரில் ஏதாவது கோளாறா?” என்றார்.

“இல்லை” என்றேன். “வந்து சேர்ந்துவிட்டேன் என்று சொன்னேன்.”