கந்தப்பு சீவிவிட்ட தோட்டம்

சீப்பைக் கையில் எடுக்காமல் மனித முகத்தைப் பார்க்கவே தெரியாது கந்தப்புவுக்கு. சூலியா தெருவிலிருந்த அவருடைய ஸ்டூடியோவுக்குள் எவன் நுழைந்தாலும் முதலில் தலை சீவப்படும். பிறகு பவுடர். பிறகு ஆணியில் தொங்கும் கறுப்புக் கோட்டு. தீவு நகரமான ஜார்ஜ் டவுனில் பாதிப் பேர் மாப்பிள்ளை ஆனதே அந்த ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டுதான். ஒரு சாவு வீட்டில் படமெடுக்கப் போனவர், நாற்காலியில் சாய்த்து வைத்திருந்த பிரேதத்தைப் பார்த்து, "கொஞ்சம் நிமிருங்க ஐயா" என்று சொல்லிவிட்டார். அவர் மனைவி பத்மாவதி அதை ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

இந்த மனுஷனிடம்தான் நிவாரணக் கமிட்டி போய், உள்ளதை உள்ளபடி படம் எடுத்து வா என்று மானியம் கொடுத்தது! வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று கேட்காதீர்கள். ஜப்பான்காரன் காலத்தில் கேமராவும் கையுமாக வெளியே நடமாட அனுமதி வைத்திருந்த தமிழர் அவர் ஒருவர்தான். ஜப்பானிய அதிகாரிகளுக்கும் அதே சீப்பு, அதே பவுடர். அதில் அவர்களுக்குப் பரம திருப்தி.

விஷயம் இதுதான். கடலுக்கு அக்கரையில் தாசேக் கெலுகோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து ஆண்களை எல்லாம் சயாம் ரயில் பாதை வேலைக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பெண்களும் பிள்ளைகளும் மரவள்ளிக்கிழங்கை அவித்துத் தின்று கிடந்தார்கள். கமிட்டித் தலைவர் ஹபீப் முகம்மது அரிசி வியாபாரி. கிடங்கில் பழைய அரிசி கொஞ்சம் பத்திரமாக இருந்தது. எடுத்துக் கொடுக்கத்தான் மனசு வரவில்லை.

"தோட்டத்துக்காரங்க ஒண்ணுக்குப் பத்தா சொல்லுவாங்க லா. கண்ணால பாக்கணும்," என்றார்.

"அப்ப ஒரு நடை போய்ப் பாத்துட்டு வந்துடலாமே, மொதலாளி," என்றார் செயலாளர் அப்புத்துரை.

அக்கரைக்கு ஃபெரி ஏறினால் ஜப்பான்காரன் சோதனை போடுவான். கமிட்டியில் ஒருவரும் அசையவில்லை. ஆகவே தங்கள் கண்ணுக்குப் பதிலாகக் கந்தப்புவை அனுப்பினார்கள். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து ஒளித்து வைத்திருந்த கண்ணாடி பிளேட்டு அரை டஜன், படம் கழுவுகிற மருந்து, போய்வர ஒரு சைக்கிள். மானியம் அவ்வளவுதான். சைக்கிளுக்கு டயர் கிடையாது, தண்ணீர் பாய்ச்சும் ரப்பர்க் குழாயை வெட்டிச் சுற்றியிருந்தார்கள். பட்டர்வொர்த் துறையில் இறங்கி, ரப்பர் மரங்களுக்கு நடுவே டயரில்லாமல் கடகடவென்று அவர் போன அழகை என்னவென்று சொல்ல!

தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தில் அந்தப் பெண்களைப் பார்த்ததும் கந்தப்புவுக்குக் கண் கலங்கியது. பொய் இல்லை. ஆனால் கை அது பாட்டுக்குப் பையைத் திறந்து சீப்பை எடுத்துவிட்டது.

போதாக்குறைக்கு வள்ளியம்மா என்ற பெண் கேட்டாள்: "ஐயா, இந்தப் படம் சயாமுக்குப் போவுமா? இந்தக் கோலத்துல என்னைப் பாத்தா எங்க வீட்டுக்காரரு ஒடிஞ்சு போயிருவாரு."

போகாது என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த முகத்தைப் பார்த்து அவரால் சொல்ல முடியவில்லை. "பாக்கலாம்மா" என்று மழுப்பினார். அவ்வளவுதான், லயத்தில் மிச்சமிருந்த ஒரே நல்ல சேலை வீட்டுக்கு வீடு கை மாறியது. கந்தப்பு பவுடர் போட்டார், வகிடு எடுத்தார், "லேசாச் சிரிங்க" என்றார். ஐந்து பெண்கள் அதே சேலையில் வந்து மகாலட்சுமிகளாக நின்றார்கள்.

படங்களைப் பார்த்த ஹபீப் முகம்மதுவுக்கு வாயெல்லாம் பல். "மாஷா அல்லாஹ்! நம்ம வீட்டுப் பொம்பளைங்களவிட நல்லா இருக்காங்களே. இவங்களுக்கா அரிசி?"

"மொதலாளி, அது எல்லாம் ஒரே சேலை. பவுடர் நான் போட்டது…"

"அப்ப எதைத்தான் தம்பி நம்புறது?"

வீட்டுக்கு வந்து சொன்னபோது பத்மாவதி சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் பையைத் திறந்து சீப்பையும் பவுடர் டப்பாவையும் வெளியே எடுத்து வைத்தாள்.

"இன்னும் ஒரு பிளேட்டு இருக்குல்ல? நாளைக்கே போங்க," என்றாள்.

மறுபடி போனபோது லெட்சுமி என்பவளின் பையனுக்குக் கால் வீங்கி எழுந்து நிற்க முடியவில்லை. கந்தப்பு நேராக வள்ளியம்மாவிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டார். "இது சயாமுக்குப் போகாதும்மா. டவுன்ல அரிசி வச்சிருக்கவங்க பாக்குறதுக்கு."

"மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே, ஐயா," என்றாள் அவள். அவமானத்தில் கந்தப்புவுக்குக் காது சுட்டது.

வள்ளியம்மா தன் மகளை உள்ளே போகச் சொன்னாள். "அவ வேணாம். கட்டிக் குடுக்க வேண்டிய புள்ள. என்னை எடுத்துக்குங்க." அன்றாடம் உடுத்தியிருந்த கோணிச் சாக்கோடு வெயிலில் வந்து நின்றாள். நெற்றியில் முடி விழுந்து கிடந்தது. அதை ஒதுக்கிவிடப் போன தன் கையைக் கந்தப்பு பிடித்திழுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சிரிக்கச் சொல்லவில்லை. மற்றக் கையால் கேமரா மூடியை எடுத்தார்.

ஹபீப் முகம்மது அந்தப் படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஏதோ கிண்டலாகச் சொல்ல வாயைத் திறந்தவர் படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். வள்ளியம்மாவின் இடுப்புக்கு மேலே, சாக்கில், பாதி அழிந்த இரட்டைக் கப்பல் முத்திரை. தீவில் அந்த முத்திரை போட்ட அரிசிக்கடை ஒன்றுதான் உண்டு, அது அவருடையது.

அப்புத்துரை எட்டிப் பார்த்தார். ஹபீப் முகம்மது முத்திரைமேல் கட்டை விரலை வைத்து மறைத்துக்கொண்டார். மற்றக் கை இடுப்பில் கிடங்குச் சாவியைத் தேடியது.

"என்ன மொதலாளி, திடீர்னு?"

"நம்ம சாக்கு அங்க வெறுமனே போயிருக்கு, அண்ணே," என்றார் ஹபீப் முகம்மது. "இந்தத் தடவ அரிசியோட அனுப்புங்க."