பௌதி வீட்டுக்கு நானே பதிலாள்

கோடை விடுமுறைக்கு முந்தின நாள் பள்ளியிலிருந்து ஓர் அட்டவணை வந்தது. வழவழப்பான தாள், மூலைக்கு மூலை சூரியன் படம், மேலே 'நல்ல பழக்கங்கள்' என்று தலைப்பு. இரண்டு வேளை பல் துலக்கினால் ஒரு நட்சத்திரம். பெரியவர்களுக்கு வணக்கம் சொன்னால் ஒரு நட்சத்திரம். அம்மாவுக்கு வீட்டு வேலையில் உதவினால் ஒரு நட்சத்திரம். அந்தக் கடைசி வரியைப் படித்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் மகன் தின்ற தட்டை அவன் கழுவினால் அது எனக்குச் செய்கிற உதவியா? தட்டு என்னுடையதா, வயிறு என்னுடையதா? பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தேன். 'அவரவர் வேலையை அவரவர் செய்தல். நட்சத்திரம் கிடையாது' என்று எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன்.

மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது, மகனுக்குப் பத்து. கணவருக்கு மத்திய அரசு உத்தியோகம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து, கொல்கத்தாவில் டாக்குரியா ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு நாலு மாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஏழு வருடமாக இருந்தோம். மே மாதம் வந்தால் ஊருக்கு ரயிலேறிவிடுவோம். அந்த வருடம் அவருக்கு லீவு கிடைக்கவில்லை. எனக்குத் தெரிந்த தமிழ்ப் பெண்கள் எல்லாம் பிள்ளைகளை நீச்சல், ஓவியம், ரோபோ என்று வகுப்பு வகுப்பாகப் பிரித்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு வகுப்புக்கும் அனுப்புவதில்லை என்று முடிவு செய்தேன். காலையில் ஏரிக்கரையில் நாலு பேருமாக நடை, ஞாயிற்றுக்கிழமை ஹவுராவுக்குப் படகு, மற்ற நேரமெல்லாம் வீட்டு வேலை என்பதுதான் திட்டம்.

பெரிதாகத் திட்டம் போட்டேனே தவிர, அந்த வீட்டில் அதுவரை பாத்திரம் கழுவியது நானும் இல்லை, மாசிதான். வங்காளத்தில் மாசி என்றால் சித்தி. வீட்டு வேலைக்கு வருகிறவரை இங்கே எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். சித்தி என்று கூப்பிட்டு எச்சில் தட்டைக் கையில் கொடுப்போம். மாசி தினமும் விடியற்காலை கேனிங் லோக்கலில் வந்து எங்கள் வீட்டிலும் கீழே இரண்டாம் மாடி பௌதி வீட்டிலும் வேலை செய்துவிட்டு மத்தியானம் திரும்புவார். இந்த இரண்டு வீடும்தான் அவர் பிழைப்பு. பௌதி என்றால் அண்ணி. என்னை மாசி திதி, அதாவது அக்கா, என்று கூப்பிடுவார். அந்த வீட்டில் மாசி பதினோரு வருடமாக இருந்தார்.

விடுமுறை தொடங்கிய இரண்டாம் நாள் மாசி சமையலறை வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னார். மகளுக்குத் தலைப்பிரசவம், நாள் நெருங்கிவிட்டது, மூன்று வாரம் லீவு வேண்டும். நான் யோசிக்கவே இல்லை. "போயிட்டு வாங்க, சம்பளம் பிடிக்க மாட்டேன், இங்க பிள்ளைங்க பாத்துக்குவாங்க" என்று எனக்குத் தெரிந்த வங்காளத்தில் சொன்னேன். சொல்லும்போது என்மேலேயே எனக்கு ஒரு பெருமை. மாசி முகத்தில் அந்தச் சந்தோஷம் இல்லை.

"நீங்க விடுவீங்க திதி. கீழ விடமாட்டாங்க. பொத்லி இல்லாமப் போனா வேற ஆளு வச்சிருவேன்னு சொல்லிட்டாங்க."

இங்கே அப்படி ஒரு வழக்கம். வேலை செய்கிறவர் லீவு போட்டால் தனக்குப் பதில் ஓர் ஆளை அவரேதான் பிடித்துத் தர வேண்டும். அந்தப் பதிலாளுக்குப் பொத்லி என்று பெயர். மே மாதத்தில் பொத்லி கிடைப்பது குதிரைக் கொம்பு. மாசி ரயிலில் உடன் வருகிற எல்லோரையும் கேட்டுப் பார்த்துவிட்டார். மகளோடு இருக்க வேண்டுமென்றால் வேலை போகும், வேலை வேண்டுமென்றால் மகள் தனியாகப் பெற வேண்டும்.

நியாயம் கேட்க நானே படியிறங்கிப் போனேன். பௌதி கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். முதுகுத் தட்டு நழுவி, குனியவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். போன தடவை மாசி பத்து நாள் வராதபோது அவரே எல்லாவற்றையும் செய்து ஒரு மாதம் படுக்கையில் கிடந்தார். அவர் கணவர் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்க்காத ஆசாமி. "மாசியைப் பிடிச்சு வைக்க எனக்கு மட்டும் ஆசையா? எனக்கு யார் செய்வாங்க, நீ சொல்லு" என்று படிக்கட்டில் நின்றே கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாத நேரத்தில்தான் எனக்கு வாய் நீளும்.

"பொத்லி நான் அனுப்புறேன். உங்களுக்குத் தெரிஞ்ச ஆளுதான்."

"யாரு?"

"நான்தான்."

விளையாடுகிறேன் என்று நினைத்து அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மாசி அன்று மத்தியான ரயிலில் ஊருக்குப் போனார்.

சாயங்காலம் கணவரிடம் சொன்னபோது அவர் சட்டைப் பொத்தானைக்கூடக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அடுத்தவன் வீட்டுல போயி பாத்திரம் தேய்க்கப் போறியா? ஆபீஸ்ல தெரிஞ்சா என்ன நெனைப்பாங்க?"

"ஆபீசர் பொண்டாட்டிக்குக் கை இருக்குன்னு நெனைப்பாங்க."

"நம்ம வீட்டுல முட்டைகூட உடைச்சதில்ல. அங்க தினம் மீனு. மீன் தட்டைக் கழுவப் போறியாக்கும்?"

"மாசி கழுவிட்டு வந்த கையாலதான் இத்தனை வருசமா நம்ம தட்டையும் கழுவுனாங்க. அப்பமெல்லாம் நம்ம சைவம் எங்க போயிருந்துச்சு?"

மூன்று நாள் அவர் என்னோடு பேசவில்லை. எனக்கு அதுவும் ஒரு வகையில் வசதியாகவே இருந்தது.

முதல் நாள் மகனையும் கூட்டிக்கொண்டு இறங்கினேன். மகள் வர மறுத்தாள். பௌதியின் மகளும் அவளும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. நான் கட்டாயப்படுத்தவில்லை. தொட்டியில் ராத்திரிப் பாத்திரம் குவிந்து கிடந்தது. கடுகெண்ணெயில் பொரித்த ரூயி மீனின் முள்ளும் தோலும் தட்டோரத்தில் ஒட்டிக் காய்ந்திருந்தன. வீராப்பாகத்தான் கையை விட்டேன். அடுத்த நிமிடம் பின்பக்கம் பால்கனிக்கு ஓடி நின்றேன். மகன் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, "அம்மா, நீ முள்ள எடுக்காண்டாம், நான் எடுக்கேன். நீ தேய் போதும்" என்றான். அப்படியே செய்தோம். வீட்டுக்கு வந்து கையைப் புளி போட்டு மூன்று முறை கழுவினேன், அப்படியும் சோற்றில் அந்த வாடை வந்தது. மறுநாளும் போனேன். சொன்ன வாயை மூடிக்கொண்டு வீட்டில் உட்கார எனக்கு வராது.

நாலாம் நாள் மகள் அழுதுகொண்டு வந்து நின்றாள். வகுப்பு வாட்ஸாப் குழுவில் யாரோ, 'உங்க அம்மா இப்ப வீட்டு வேலைக்குப் போறாங்களாமே, எங்க வீட்டுக்கும் வருவாங்களா' என்று எழுதியிருந்தார்கள். கூடவே சிரிக்கும் பொம்மைகள்.

"எனக்கு அசிங்கமா இருக்கும்மா. நீ ஏம்மா இப்படிப் பண்ணுதே?"

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இழுத்து அணைத்திருக்க வேண்டிய நேரத்தில் கேள்வி கேட்டேன். "மாசி அவங்க வீட்டுல தேய்ச்சப்போ உனக்கு அசிங்கமா இருந்துச்சா? நம்ம வீட்டுல தேய்ச்சப்போ? ஒரு நாளாவது?" அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று ராத்திரி நானும் அழுதேன். பிள்ளைக்கு நல்ல பழக்கம் சொல்லித் தருகிறேன் என்று கிளம்பி அவள் தலையைப் பள்ளியில் குனிய வைத்துவிட்டேனோ என்று நினைத்தேன். ஆனால் நிறுத்தினால் மாசியின் வேலை போகும், மகள் சொன்னது சரியென்றும் ஆகிவிடும். நிறுத்துவதில்லை என்று அழுதுகொண்டேதான் முடிவு செய்தேன்.

கீழே நான் பதிலாள், மேலே பதிலாள் கிடையாது என்பதுதான் வீட்டுச் சட்டம். நான் என் தட்டையும் சமைத்த பாத்திரத்தையும் மட்டும் கழுவுவேன். மகன் தன்னுடையதைக் கழுவினான். மகளும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தன்னுடையதைக் கழுவினாள். கணவரின் தட்டு மட்டும் தொட்டியில் கிடந்தது. அவர் அலமாரியிலிருந்து புதுத் தட்டு எடுப்பார், சாப்பிடுவார், தொட்டியில் போட்டுவிட்டுப் போவார். ஐந்து நாளில் அலமாரியில் அவருக்குத் தட்டு இல்லாமல் போனது.

ஆறாம் நாள் ராத்திரி அவர் சாப்பிட உட்கார்ந்தபோது, மகள் தொட்டியிலிருந்து ஒரு தட்டை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள். சாம்பார் காய்ந்து வெடித்திருந்தது, ஓரத்தில் ஒரு கறிவேப்பிலை ஒட்டியிருந்தது.

"என்னட்டி இது?"

"உங்க தட்டுதாம்ப்பா. நீங்க சாப்பிட்டதுதான்."

கை ஓங்கிவிடுவாரோ என்று நினைத்தேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோய்க் குழாயைத் திறந்தார். காய்ந்த சாம்பாரைத் தேய்க்க அவருக்கு வெகு நேரம் ஆனது. ஊற வைக்க வேண்டும் என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை, நாங்களும் சொல்லவில்லை. மகள் சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை நான் இறங்கும்போது அவளும் செருப்பை மாட்டினாள். பௌதி வீட்டுச் சமையலறையில் அவள் விளக்குமாற்றை எடுத்ததைப் பார்த்து அந்த வீட்டுப் பெண் அறைக்குள் ஓடிவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, தன் தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனாள். பௌதி எங்களுக்கு டீ போட்டுத் தருவார், நாற்காலியில் உட்காரச் சொல்லிக் கெஞ்சுவார். "நீ இங்க நிக்கிறது எனக்குக் கஷ்டமா இருக்கு" என்று ஒரு நாள் சொன்னார். "மாசி நிக்கும்போது இல்லையே" என்றேன். டீயைக் குடிக்காமல் அவர் அப்படியே வைத்துவிட்டார். அப்படிச் சொன்னதற்காக நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

இரண்டாவது வாரம் ஒரு மத்தியானம் காற்றும் மழையுமாக அடித்து, கரண்ட் போய், ஜன்னல் கதவுகள் அடித்துக்கொண்டபோது மாசியிடமிருந்து போன் வந்தது. பெண் குழந்தை. ராத்திரி முழுக்க வலி, ஆஸ்பத்திரி வராந்தாவில் மகள் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன் என்றார். என் மகள்தான் போனை வாங்கி வெகு நேரம் பேசினாள். அவளுக்கு வங்காளம் என்னைவிட நன்றாக வரும்.

மூன்று வாரம் முடிந்து, சொன்ன தேதியில் மாசி வந்தார். கறுத்து, மெலிந்து, முகம் மட்டும் மலர்ந்து. கையில் ஒரு பையில் வெல்லப் பாயசம் மாதிரி ஏதோ இனிப்பு. இரண்டாம் மாடி வாசலில் பௌதி, அவர் மகள், நான், என் மகள் எல்லோரும் நின்றோம். வேலை இருக்கிறது, யாரும் புது ஆள் வைக்கவில்லை. எனக்கு ஜெயித்த நினைப்பு. மாசி எனக்கு நன்றி சொல்வார் என்று, மறைப்பானேன், நான் காத்துக்கொண்டுதான் நின்றேன்.

மாசி நன்றி சொல்லவில்லை. பையைப் படியில் வைத்தார். "இனிமே மாசத்துல ரெண்டு நாள் நான் வரமாட்டேன். குழந்தையப் பாக்கப் போகணும். பொத்லியும் அனுப்பமாட்டேன். மூணு வாரம் நீங்களே செஞ்சீங்கள்ல, ரெண்டு நாள் செய்ய முடியும்" என்றார். குரலைக்கூட உயர்த்தவில்லை.

பௌதி என்னைத் திரும்பிப் பார்த்தார். எல்லாம் உன்னால் வந்தது, இப்போது நீயே சொல் என்ற பார்வை. சரி என்று உடனே சொல்லியிருக்க வேண்டியவள் நான். மூன்று வாரமாக மீன் முள் பொறுக்கியவள், புருஷனிடம் சண்டை போட்டவள், பிள்ளையை அழ வைத்தவள். ஆனால் என் மனது அந்த நேரத்தில் போட்ட கணக்கு வேறு. எந்த இரண்டு நாள்? ஊரிலிருந்து ஆள் வருகிற நாளாக இருந்தால்? அன்றைக்கு வீடு துடைப்பது யார்? வாய் திறக்கவில்லை. என் மகள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், முழுவதையும் பார்த்துவிட்டாள்.

"மாசி, ரெண்டு பத்தாது. நாலு கேளுங்க" என்றாள்.

மாசி சிரிக்கவில்லை. என் மகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"சரி, நாலு" என்று சொல்லிவிட்டு, விளக்குமாற்றை எடுக்க உள்ளே போனார்.