பாதியில் போனவர்கள்

ஆஸ்பத்திரியில் அவளைச் சல்லடை என்றுதான் கூப்பிடுவார்கள். மருந்தாளுநர் வேலை. புதிதாக வரும் எந்த மருந்தும் ஆஸ்பத்திரியின் மருந்துப் பட்டியலில் ஏற வேண்டுமானால் முதலில் அவள் மேசையைத் தாண்ட வேண்டும். லேசில் தாண்டிவிட முடியுமா என்ன? விற்பனைக்காரர்கள் பளபளப்பான புத்தகங்களோடு வந்து வாய் வலிக்கப் பேசுவார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் ஒன்றே ஒன்று கேட்பாள்: "ஆய்வுல சேந்து பாதியில விட்டுட்டுப் போனவங்க எத்தனை பேர்?" அதோடு அவர்கள் புத்தகங்களை மூடிப் பையில் வைப்பார்கள்.

அன்று மதியம் அவள் முன்னால் கிடந்தது நுரையீரல் இறுகிப்போகும் நோய்க்கான புது மாத்திரையின் ஆய்வு அறிக்கை. அவள் அக்காவுக்கும் அதே நோய்தான். நாலு படி ஏறினால் ஐந்தாம் படியில் உட்கார்ந்துவிடுவாள். மாத்திரை பட்டியலில் ஏறினால் அடுத்த வாரமே அக்கா கைக்கு வந்துவிடும். இந்த ஒரு தடவை கண்டும் காணாமல் விட்டால் என்ன என்று மனசு கெஞ்சியது. பாவம், கெஞ்சாதா?

மின்விசிறி மெல்லச் சுற்றியது. கண் செருகியது. தாளிலிருந்த எண்கள் எழுந்து நடக்க ஆரம்பித்தன. ஆய்வில் சேர்ந்த இருநூறு பேர் நீளமான தாழ்வாரத்தில் சத்தமே இல்லாமல் போனார்கள். மூச்சு சீராகிவிட்டது என்று சிரித்தபடி சிலர் முன்னால் நடந்தார்கள். மற்றவர்கள் பக்கத்துக் கதவுகளைத் திறந்துகொண்டு ஒவ்வொருவராக வெளியேறினார்கள். ஒருத்தி மட்டும் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு அக்காவின் முகம்.

விழித்ததும் கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தைத் தேடிப் படித்தாள். எழுபது பேர் பாதியில் நிறுத்தியிருந்தார்கள், பெரும்பாலோர் கல்லீரல் கெட்டு. அவர்களை ஆய்வின் முடிவுக் கணக்கில் சேர்க்கவே இல்லை. கம்பெனிக்காரன் கெட்டிக்காரன்தான், நாசமாய்ப் போக.

மறுநாள் பட்டியலை முடிவு செய்யும் மருந்துக் குழுக் கூட்டத்தில் எடுத்த எடுப்பிலேயே சொன்னாள்: "எங்க அக்காவுக்கு இந்த நோய் இருக்கு. அதனால நான் ஓட்டுப் போடல. இதுல விட்டுப்போனத மட்டும் சொல்லிடறேன்." சொல்லி முடித்ததும் தலைமை மருத்துவர் பேனாவை மூடினார்.

"இப்போதைக்கு வேணாம்" என்றார்.

சாயங்காலம் நேராக அக்கா வீட்டுக்குப் போனாள்.

"மாத்திரை வருதாடி?"

"வரலக்கா. வேணாம்னு ஆனதுக்கு நாந்தான் காரணம். கல்லீரலக் கெடுத்துடும்."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது தேவலை.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். அப்புறம், "மூச்சு முட்டுது. அந்த ஜன்னலத் தெறந்து விடு."

ஜன்னல் திறந்துதான் இருந்தது. தங்கை எழுந்து போய் அதன் கதவை இன்னும் கொஞ்சம் தள்ளினாள்.